7 மாதத்தில் வந்தது, 7 நாளில் போனது: டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பாடமுறை மாற்றங்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

2014 ஜூன் 20, வெள்ளிக்கிழமை. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் அந்த ஆண்டுச் சேர்க்கை தொடங்க இன்னும் 4 நாள்தான். பிளஸ் டூ முடித்த மாணவர்கள் கட்-ஆஃப் பட்டியலுக்காகக் காத்திருந்தார்கள். வெளி மாநிலங்களிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து தெரிந்தவர் வீட்டில் தங்கியிருந்தவர்களும் அவர்களில் உண்டு. அன்றைக்குத்தான் பல்கலைக்கழக மானியக் குழு, நான்காண்டு இளநிலைப் படிப்பைக் கைவிட்டு மூன்றாண்டுப் படிப்பில் மட்டுமே மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பல்கலைக்கழகத்துக்கு மட்டும் சொல்லி நிறுத்தாமல் கல்லூரிகளுக்கும் நேராக எழுதியது. துணைவேந்தர் ஒன்று சொல்கிறார், மானியக் குழு வேறொன்று சொல்கிறது, நடுவில் கல்லூரி முதல்வர்கள். 24ஆம் தேதி தொடங்க வேண்டிய சேர்க்கை நின்றது. 27ஆம் தேதி பல்கலைக்கழகம் பணிந்தது. நான்காண்டுப் படிப்பு திரும்பப் பெறப்பட்டது.

அந்தப் படிப்பில் ஏற்கெனவே ஓராண்டு முடித்துவிட்டு இரண்டாம் ஆண்டுக்குக் காத்திருந்த ஒரு முழு வகுப்பு இருந்தது. அந்த வாரச் செய்திகளில் தன்னாட்சி, சட்டம், அரசியல் எல்லாம் பேசப்பட்டன. அந்த மாணவர்கள் கடைசியாகத்தான் நினைவுக்கு வந்தார்கள்.

2010 முதல் 2025 வரை அந்தப் பல்கலைக்கழகம் கல்வி நாட்காட்டியையும் பாடங்களையும் மதிப்பீட்டையும் மாற்றிய கதையை இங்கே வரிசையாகப் பார்க்கிறேன். செமஸ்டர் நல்லதா கெட்டதா, மூன்றாண்டா நான்காண்டா என்ற வாதங்கள் நிறைய நடந்துவிட்டன. என் கண்ணில் படுவது வேறு. ஒவ்வொரு மாற்றத்திலும் பட்டத்தின் பெயரையும் தாள்களின் பட்டியலையும் முதலில் முடிவு செய்தார்கள். எத்தனை வாரம் இருக்கிறது, அதற்குள் இவ்வளவும் அடங்குமா என்ற கணக்கு கடைசியில்தான் வந்தது. அந்தக் கணக்கு உதைத்தபோதெல்லாம், நடுவில் மாட்டிய வகுப்புதான் அடியை வாங்கியது.

ஆண்டுத் தேர்வு செமஸ்டரான கதை

தமிழ்நாட்டில் செமஸ்டர் என்பது பழகித் தேய்ந்த சொல். தன்னாட்சிக் கல்லூரிகள் அதை வெகு முன்பே கையில் எடுத்துவிட்டன. 1922இல் தொடங்கிய டெல்லிப் பல்கலைக்கழகத்திலோ இளநிலைப் படிப்புகள் 2010 வரை ஆண்டுத் தேர்வு முறையில்தான் நடந்தன. ஜூலையில் வகுப்பு தொடங்கும், கோடையில் ஒரே ஒரு தேர்வு, மூன்றாண்டுக்கு மூன்று தேர்வு. 2003-04 வரை மதிப்பெண் முழுவதும் அந்தத் தேர்விலேயே இருந்தது. அந்த ஆண்டுதான் 25 சதவீதத்தை இன்டர்னல் மதிப்பெண்ணாக ஒதுக்கினார்கள். வகுப்புத் தேர்வு, ஒப்படைப்பு, வருகைப்பதிவு மூன்றும் அதில் அடங்கும்.

தீபக் பெண்டல் துணைவேந்தராக இருந்த காலத்தில் செமஸ்டர் முறைக்கு வலுவான முயற்சி நடந்தது. 2010 ஜூலையில் 13 அறிவியல் படிப்புகளில் அது அமலுக்கு வந்தது. ஆசிரியர் சங்கமான டூட்டா கடுமையாக எதிர்த்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 2010 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆசிரியர்கள் செமஸ்டர் முறைப்படி பாடம் நடத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. 2011-12இல் மற்ற இளநிலைப் படிப்புகளும் செமஸ்டருக்குள் வந்தன.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 180 கற்பித்தல் நாள் என்பது மானியக் குழுவின் விதி. வாரத்துக்கு 6 நாள் என்றால் 30 வாரம். அதை இரண்டாக வெட்டினால் ஒரு செமஸ்டருக்கு 15 வாரம். டெல்லியில் அப்போது சேர்க்கை கட்-ஆஃப் பட்டியல் வழியாக நடந்தது. முதல் பட்டியல், இரண்டாம் பட்டியல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். நான்காம், ஐந்தாம் பட்டியலில் இடம் கிடைத்தவர் வகுப்புக்குள் நுழையும்போது பாடம் எப்போதோ தொடங்கியிருக்கும். அவர் 3 வாரம் தாமதமாக வந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முறையில் அது 30இல் 3, பத்தில் ஒரு பங்கு. தீபாவளி விடுமுறையிலோ குளிர்கால விடுமுறையிலோ உட்கார்ந்து சரிக்கட்டிவிடலாம். செமஸ்டரில் அது 15இல் 3, ஐந்தில் ஒரு பங்கு. நவம்பர் கடைசியில் தேர்வு வந்து நிற்கும். சரிக்கட்ட இடமே கிடையாது.

பின்னால் வரும் பட்டியலில் இடம் கிடைப்பவர் யார் என்பதையும் யோசித்துப் பார்க்கலாம். மதிப்பெண் சற்றுக் குறைந்தவர், வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர், தூரத்து ஊரிலிருந்து விவரம் தெரிந்து வரவே நாளானவர். யாருக்குக் கூடுதல் நேரம் தேவையோ அவருக்கே நேரம் குறைந்தது. செமஸ்டர் முறையின் மேல் இந்தப் பழியைப் போட மாட்டேன். செமஸ்டரைக் கொண்டுவரும்போது சேர்க்கைக் கால அட்டவணையையும் சேர்த்து மாற்றியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை.

தேர்வுத் துறையின் பாரமும் கூடியது. ஒரு தன்னாட்சிக் கல்லூரி தன் வினாத்தாளைத் தானே எடுத்து, தானே திருத்தி, தானே முடிவை வெளியிடும். அங்கே ஆண்டுக்கு இரண்டு தேர்வு பெரிய சுமை இல்லை. டெல்லியில் அறுபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு ஒரே வினாத்தாள். விடைத்தாள்கள் மையங்களுக்கு வந்து பொதுவாகத் திருத்தப்பட வேண்டும். அதை ஆண்டுக்கு இருமுறை செய்ய வேண்டியதாயிற்று. தாள் திருத்தும் அதே ஆசிரியர்தான் அடுத்த செமஸ்டர் பாடத்தையும் தொடங்க வேண்டும்.

நான்காண்டுப் படிப்பு

2010 அக்டோபரில் கணிதப் பேராசிரியரான தினேஷ் சிங் துணைவேந்தரானார். அவர் காலத்தில் நான்காண்டு இளநிலைப் படிப்பு வந்தது. 2012 டிசம்பர் 24 அன்று கல்விக்குழு அதற்கு ஒப்புதல் அளித்தது. அடுத்த சில நாளில் ஆட்சிக்குழுவும் ஒப்புக்கொண்டது. 2013 ஜூலையில் முதல் வகுப்பு. நடுவில் இருந்தது 7 மாதம்.

அந்தப் படிப்பின் வடிவத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நல்ல யோசனைகள் இருந்தன. எந்தத் துறையில் சேர்ந்தாலும் எல்லோரும் 11 அடிப்படைப் பாடங்கள் படிக்க வேண்டும்: மொழியும் இலக்கியமும், தகவல் தொழில்நுட்பம், ஆட்சிமுறையும் குடிமையும், இந்திய வரலாறும் பண்பாடும், கணிதத் திறன், அறிவியலும் வாழ்வும் என்று பட்டியல் போகும். முதன்மைத் துறையில் 20 தாள்கள், இரண்டாம் துறையில் 6 தாள்கள். இவை போகச் செயல்முறைப் பாடங்கள். 2 ஆண்டு முடித்து விலகினால் டிப்ளமோ, 3 ஆண்டு முடித்தால் இளநிலைப் பட்டம், 4 ஆண்டு முடித்தால் ஆனர்ஸ் எனும் சிறப்புப் பட்டம். கணினி அறிவியல் போன்ற சில படிப்புகள் பி.டெக். ஆயின.

வேதியியல் படிக்கும் பெண் வரலாறும், வரலாறு படிக்கும் பையன் கொஞ்சம் புள்ளிவிவரமும் கற்பது எனக்குப் பிடித்த யோசனை. ஒப்படைப்பாகக் குழுத் திட்டப்பணி, வகுப்பின் முன்னால் நின்று பேசுவது ஆகியவற்றை மதிப்பீட்டில் சேர்த்ததும் நல்லதுதான். அப்படியானால் எங்கே இடறியது?

11 பாடங்களும் எல்லோருக்கும் ஒரே மட்டத்தில் வைக்கப்பட்டன. பிளஸ் டூவில் கணிதம் படித்தவரும், பத்தாம் வகுப்போடு கணிதத்தை விட்டவரும் ஒரே வகுப்பில். முன்னவருக்குப் பள்ளிப் பாடம் திரும்ப வந்தது போலிருந்தது, பின்னவருக்குப் புரிந்துகொள்ளவே நேரம் போதவில்லை. பல பாடத்திட்டங்கள் 2013 மே மாதத்தில்தான் கல்விக்குழு முன் வந்தன. ஜூலையில் வகுப்பு. இரண்டே மாதத்தில் பாடநூல் எழுதவோ, நூலகத்துக்குப் புத்தகம் வாங்கவோ, ஆசிரியர்கள் தமக்குப் பழக்கமில்லாத பாடத்தைத் தயார் செய்யவோ முடியுமா? வணிக மேலாண்மையையும் உளவியலையும் எல்லோருக்கும் கற்பிக்க எத்தனை பேர் வேண்டும், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு வகுப்பு தொடங்கிய பிறகுதான் விடை தேடினார்கள்.

அப்போது ஆசிரியர்களில் ஏராளமானோர் தற்காலிகமானவர்களாக இருந்தார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். டெல்லியில் அட்ஹாக் என்று அழைப்பார்கள். ஒரு நேரத்தில் 4 மாதத்துக்கு மேல் நியமனம் கிடையாது. முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். 120 நாள் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஒருவரிடம், 4 ஆண்டுக்குத் திட்டமிட்ட படிப்பைத் தாங்கிப் பிடிக்கச் சொன்னார்கள். தம் துறையின் பாடத்தை விட்டுவிட்டு அடிப்படைப் பாடம் எடுக்க வேண்டும் என்றால் அவர் மறுக்க முடியாது. மறுத்தால் அடுத்த நான்கு மாதம் நிச்சயம் இல்லை.

எதிர்ப்பு அப்போதே பலமாக இருந்தது. கல்வியைக் கவனித்த மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் பல்கலைக்கழகத்தின் தன்னாட்சியைச் சொல்லி ஒதுங்கிக்கொண்டது. மானியக் குழு 2013இல் ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்ததே தவிரப் படிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. ஏறத்தாழ 54,000 இடங்கள். அந்த இடங்களில் மாணவர்கள் வந்து அமர்ந்தார்கள். மேலே எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள் என்றே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

திரும்பப் பெற்ற வாரம்

2014 மே மாதம் மத்தியில் ஆட்சி மாறியது. நான்காண்டுப் படிப்பைத் திரும்பப் பெறுவோம் என்று பாரதிய ஜனதா டெல்லியில் வாக்குறுதி கொடுத்திருந்தது. ஜூன் 20 உத்தரவில் மானியக் குழு காட்டிய காரணம், தேசியக் கல்விக் கொள்கையின் 10+2+3 என்ற அமைப்புக்கு இந்தப் படிப்பு முரணானது என்பது. 1968ஆம் ஆண்டுக் கொள்கையிலிருந்தே இருக்கும் அமைப்பு அது. 2012 டிசம்பரிலும் 2013 ஜூலையிலும் அதே கொள்கைதான் இருந்தது. முரண் என்றால் அன்றைக்கே முரண்தான். அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஒரு மாணவருக்கும் பாதிப்பு இல்லை. ஒரு வகுப்பு ஓராண்டு படித்து முடித்த பிறகு, அடுத்த வகுப்பின் சேர்க்கைக்கு நான்கு நாள் இருக்கும்போது சொன்னதுதான் மன்னிக்கக் கடினமானது.

படிப்பைக் கொண்டுவந்தவர்களும் அதை நிறுத்தியவர்களும் எதிரெதிர் அணி. ஆனால் இருவருக்கும் ஒரே அவசரம் இருந்தது. 7 மாதத்தில் ஒரு பட்டத்தைக் கட்டி எழுப்பியதும் 7 நாளில் அதை இடித்ததும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்.

ஜூலைத் தொடக்கத்தில் சேர்க்கை மீண்டும் நகரத் தொடங்கியது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 2011இன் மூன்றாண்டு செமஸ்டர் பாடத்திட்டமே திரும்ப வந்தது.

2013 வகுப்பு

இப்போது அந்த வகுப்பின் நிலைமை. முதல் ஆண்டில் அவர்களுக்கு அடிப்படைப் பாடங்கள் நிறைய, முதன்மைத் துறையின் தாள்கள் குறைவு. திட்டமே அப்படித்தான். துறைப் பாடத்தின் கனம் பின் ஆண்டுகளில் ஏறும் என்று வகுத்திருந்தார்கள். நான்காம் ஆண்டை வெட்டிவிட்டால் அந்தக் கனமெல்லாம் மீதமுள்ள இரண்டு ஆண்டில்தான் ஏற வேண்டும். ஏறியது. பழைய மூன்றாண்டு முறையில் படித்த அண்ணன்மார் மூன்று ஆண்டில் பரவலாகப் படித்ததை இவர்கள் இரண்டு ஆண்டில் நெருக்கிப் படித்தார்கள். முதல் ஆண்டில் உழைத்த அடிப்படைப் பாடங்கள் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

பி.டெக். மாணவர்களுக்கு மட்டும் வேறு முடிவு கிடைத்தது. 2013இல் பி.டெக்.கில் சேர்ந்தவர்கள் 4 ஆண்டையும் முடிக்கலாம் என்று விட்டார்கள். இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம் இதுதான். ஒரு பகுதி மாணவர்களுக்கு அவர்கள் சேர்ந்தபோது இருந்த விதியையே கடைசி வரை வைத்திருக்க முடிந்தது என்றால், மற்றவர்களுக்கும் அந்தத் தெரிவையாவது கொடுத்திருக்கலாம். ‘நீ கையெழுத்துப் போட்டுச் சேர்ந்த படிப்பை முடிக்கிறாயா, மூன்றாண்டுக்கு மாறுகிறாயா’ என்று கேட்டிருக்கலாம். புதுச் சேர்க்கையை நிறுத்துவது ஒரு முடிவு, உள்ளே இருப்பவரின் விதியை மாற்றுவது வேறொரு முடிவு. இரண்டையும் ஒரே கையெழுத்தில் செய்தார்கள்.

பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் 2011இலேயே நான்காண்டு இளநிலைப் படிப்பைத் தொடங்கியிருந்தது. 2014இல் அதற்கும் மானியக் குழுவிடமிருந்து கேள்வி வந்தது. ஆனால் அங்கே பேசித் தீர்த்தார்கள், படிப்பு தொடர்ந்தது. சிறிய நிறுவனம், ஒரே வளாகம், ஆசிரியர்களே வடிவமைத்த பாடம். அதை அப்படியே டெல்லியோடு ஒப்பிட முடியாது என்பது தெரியும். இருந்தாலும் நான்காண்டு என்ற கால அளவே பிரச்சினை இல்லை என்பதை அது காட்டுகிறது.

மூன்று வகுப்பு, மூன்று முறை

அடுத்த ஆண்டே, 2015-16இல், விருப்பத்தேர்வுக் கிரெடிட் முறை வந்தது. ஒரு தாளுக்கு வாரத்தில் எவ்வளவு வகுப்பு என்பதை வைத்துத் தரும் எடைதான் கிரெடிட். சி.பி.சி.எஸ். என்ற பெயரில் நாடு முழுவதும் மானியக் குழு கொண்டுவந்த அதே முறை. ஆனர்ஸ் படிப்புக்கு 14 முதன்மைத் தாள், துறை சார்ந்த விருப்பத்தாள் 4, பிற துறை விருப்பத்தாள் 4, மொழிக்கும் சுற்றுச்சூழலுக்கும் 2, திறன் தாள் 2. மதிப்பெண்ணுக்குப் பதில் 10 புள்ளித் தரவரிசை. இதிலும் பாடத்திட்டங்கள் கோடையின் அவசரத்தில்தான் முடிந்தன.

அந்த ஆண்டு ஒரு கல்லூரியின் வராந்தாவில் நடந்து போயிருந்தால் என்ன பார்த்திருப்போம்? மூன்றாம் ஆண்டு வகுப்பில், நான்காண்டுப் படிப்பிலிருந்து மூன்றாண்டுக்கு மாற்றப்பட்டவர்கள். இரண்டாம் ஆண்டில், பழைய செமஸ்டர் பாடத்திட்டக்காரர்கள். முதல் ஆண்டில், புதிய கிரெடிட் முறையினர். மூன்று வகுப்புக்கும் வெவ்வேறு தாள், வெவ்வேறு மதிப்பீட்டு விதி. ஒரே ஆசிரியர் காலையில் ஒன்றும் மதியம் இன்னொன்றும் எடுத்தார். தேர்வுத் துறை மூன்றுக்கும் தனித்தனி வினாத்தாள் தயாரித்தது.

முதல் ஆண்டில் ஒரு தாளில் தவறியவர் மறு ஆண்டு எழுத வரும்போது அந்தத் தாளே பாடத்திட்டத்தில் இருக்காது. தமக்குக் கீழ்வகுப்பில் படிப்பவரோடு உட்கார்ந்து பாடம் கேட்கவும் முடியாது, அவர் படிப்பது வேறு பாடம். நம் ஊரில் அரியர் என்றால் ஒரு தாளைத் திரும்ப எழுதுவது. இங்கே அது காணாமல் போன ஒரு பாடத்தைத் தனியாகத் தேடிப் படிப்பதாக மாறியது. 2022இல் பல்கலைக்கழகம் நூற்றாண்டு கொண்டாடியபோது, பட்டத்தை முடிக்காமல் போன பழைய மாணவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு கொடுத்தது. மனதார வரவேற்க வேண்டிய முடிவு. அப்படி ஒரு வாய்ப்புக்காக எத்தனை பேர் எத்தனை ஆண்டு காத்திருந்திருப்பார்கள் என்பதையும் அது சொல்லாமல் சொல்லியது.

2019-20இல் பாடத்திட்டங்கள் மறுபடியும் திருத்தப்பட்டன. அதே ஆண்டில் தொலைநிலைக் கல்விக்கான ஸ்கூல் ஆஃப் ஓப்பன் லேர்னிங் நிறுவனமும் செமஸ்டருக்கு மாற்றப்பட்டது. 1962இல் அஞ்சல்வழிக் கல்வியாகத் தொடங்கிய இடம் அது. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், வீட்டு வேலையை முடித்துவிட்டுப் படிக்கும் பெண்கள் என்று பெரும் எண்ணிக்கையில் மாணவர்கள். ஆண்டுக்கு ஒருமுறை லீவு போட்டுத் தேர்வு எழுதியவர்கள் இனி இருமுறை எழுத வேண்டும். வாரநாள் கல்லூரிக்கு வகுத்த நாட்காட்டியை வேலைக்குப் போகிறவரின் வாழ்க்கை மேல் வைத்தார்கள். இந்த மாற்றத்துக்கு மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததில் வியப்பில்லை.

நாட்காட்டி கையை விட்டுப் போனது

அப்புறம் கொரோனா. 2020 மார்ச்சில் வகுப்புகள் நின்றன. இறுதியாண்டு மாணவர்களுக்குப் புத்தகம் பார்த்து எழுதும் இணையவழித் தேர்வை வைக்கப் பல்கலைக்கழகம் முடிவு செய்தது. ஜூலையில் நடந்த ஒத்திகைத் தேர்விலேயே இணையதளம் திணறியது. பார்வையற்ற மாணவர்களின் சிரமத்தைச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. விடையைக் காகிதத்தில் எழுதி, படம் பிடித்து, பதிவேற்ற வேண்டும். வீட்டில் இணையம் இல்லாதவருக்கு அது தேர்வுக்கு முந்தைய இன்னொரு தேர்வு. ஆகஸ்டு 10 முதல் தேர்வு நடந்தது. அதே மாதம் 28ஆம் தேதி, இறுதியாண்டுத் தேர்வு இல்லாமல் பட்டம் தரக்கூடாது என்ற மானியக் குழுவின் நிலையை உச்ச நீதிமன்றமும் ஏற்றது.

அந்த ஆண்டு நாட்காட்டிதான் ஆய்வுக்குரியது. 2020இல் முதலாண்டு வகுப்பு நவம்பர் 18 அன்று தொடங்கியது. 2021இல் நவம்பர் 22. 2022இல் நவம்பர் 2. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, ஜூலையில் வர வேண்டிய மாணவர்கள் குளிர் தொடங்கும்போது வந்தார்கள். மேல் வகுப்பினர் ஒரு நாட்காட்டியிலும் முதலாண்டினர் வேறொரு நாட்காட்டியிலும் இருந்தார்கள். ஒரு வகுப்புக்குத் தேர்வு நடக்கும்போது இன்னொரு வகுப்புக்குப் பாடம். ஆசிரியருக்கு விடுமுறை என்று ஒன்று இல்லாமல் போனது. 2023இல் ஆகஸ்டு 16க்கு இழுத்து வந்தார்கள்.

2022இன் தாமதத்துக்குத் தொற்றைக் காரணம் சொல்ல முடியாது. அந்த ஆண்டுதான் கட்-ஆஃப் பட்டியல் போய் கியூட் பொதுநுழைவுத் தேர்வு வந்தது. 2021இல் சில கல்லூரிகளின் சில படிப்புகளுக்குக் கட்-ஆஃப் 100 சதவீதத்தில் நின்றது. அந்த நிலை மாற வேண்டியதுதான். ஆனால் நுழைவுத் தேர்வின் முடிவு வராமல் சேர்க்கை தொடங்காது, சேர்க்கை முடியாமல் வகுப்பு தொடங்காது. அந்தத் தேர்வை நடத்துவது தேசியத் தேர்வு முகமை. 2024இல் அதன் முடிவு ஜூலை 28 அன்றுதான் வந்தது. டெல்லியில் முதலாண்டு வகுப்பு ஆகஸ்டு 29க்குப் போனது. தன் முதல் வகுப்பு எந்த நாளில் தொடங்கும் என்பதை ஒரு பல்கலைக்கழகம் தானே சொல்ல முடியாத நிலை இது. தன்னாட்சி பற்றி 2013இலும் 2014இலும் அவ்வளவு பேசினோம். நாட்காட்டியில் அது கரைந்ததைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை.

மறுபடியும் நான்காண்டு

2020 ஜூலையில் வந்த தேசியக் கல்விக் கொள்கையின் வழியில், 2022-23இல் டெல்லிப் பல்கலைக்கழகம் மீண்டும் நான்காண்டுப் படிப்பைத் தொடங்கியது. செமஸ்டருக்கு 22 கிரெடிட். 1 ஆண்டில் 44 கிரெடிட்டோடு விலகினால் சான்றிதழ், 2 ஆண்டில் 88க்கு டிப்ளமோ, 3 ஆண்டில் 132க்குப் பட்டம், 4 ஆண்டில் 176க்கு நான்காண்டுப் பட்டம். முதன்மைத் துறையோடு பிற துறைத் தாள், திறன் தாள், மொழித் தாள், மதிப்புக்கூட்டுத் தாள். இந்தக் கடைசி வகையில் நிதி எழுத்தறிவு முதல் வேத கணிதம் வரை இருக்கிறது. 2013இன் அடிப்படைப் பாடங்களோடு ஒப்பிட்டால் இதில் மாணவருக்குத் தெரிவு உண்டு. அது உண்மையான முன்னேற்றம். மூன்றாண்டில் விலகினாலும் மரியாதையான பட்டம் கையில் இருக்கும் என்பதும் அப்படித்தான்.

என் கவலை நேரத்தைப் பற்றியது. முந்தைய முறையில் ஒரு முதன்மைத் தாளுக்கு 6 கிரெடிட், அதாவது வாரத்துக்கு 5 விரிவுரை, 1 டுடோரியல் (சிறு குழுவாக நடத்தும் வகுப்பு). புதிய முறையில் 4 கிரெடிட், 3 விரிவுரை, 1 டுடோரியல். 15 வாரத்துக்குக் கணக்கிட்டால் 75 விரிவுரை மணி 45 ஆகிறது. ஒரு தாளின் ஆழம் அந்த 30 மணியில்தான் இருந்தது. மெதுவாகப் படிக்கும் மாணவர் கேள்வி கேட்கத் துணிவது பெரும்பாலும் பத்தாவது வாரத்துக்குப் பிறகுதான் என்பதை வகுப்பெடுத்தவர்கள் சொல்வார்கள்.

மதிப்பெண் எப்படி நகர்ந்திருக்கிறது என்பதையும் வரிசையாக வைத்துப் பார்க்கலாம். 2003க்கு முன் ஆசிரியர் கையில் மதிப்பெண் ஏதுமில்லை. அதன்பின் நூற்றுக்கு 25. இப்போது விரிவுரையும் டுடோரியலும் உள்ள 4 கிரெடிட் தாளுக்கு மொத்தம் 160, அதில் செமஸ்டர் தேர்வுக்கு 90, இன்டர்னலுக்கு 30, தொடர் மதிப்பீட்டுக்கு 40. ஏறத்தாழ 44 சதவீதம் வகுப்பறைக்குள் முடிவாகிறது. கொள்கையளவில் இதை முழுமனதாக ஆதரிக்கிறேன். மூன்று மணி நேரத் தேர்வைவிட ஒரு செமஸ்டர் முழுக்கப் பார்த்த ஆசிரியருக்கு மாணவரை நன்றாகத் தெரியும். ஆனால் தெரிய வேண்டுமானால் குழு சிறியதாக இருக்க வேண்டும், ஆசிரியர் அடுத்த செமஸ்டரிலும் அங்கே இருக்க வேண்டும், எழுதி வாங்கியதைப் படித்துத் திருத்திக் கொடுக்க வாரம் இருக்க வேண்டும். 40 மதிப்பெண்ணுக்கான தொடர் மதிப்பீட்டை வாரத்துக்கு ஒரு டுடோரியலில், தலை எண்ணி முடிப்பதற்குள் மணி அடிக்கும் குழுவில் நடத்தினால், அது வருகைப்பதிவும் அவசர ஒப்படைப்புமாகச் சுருங்கிவிடும். 2003இல் எழுந்த கேள்விதான் இதுவும். மதிப்பெண்ணின் அளவு வளர்ந்ததே தவிர அதைத் தாங்கும் நேரம் வளரவில்லை.

2022 நவம்பர் 2 அன்று வந்த அந்த முதல் வகுப்பின் கணக்கையும் பார்த்துவிடலாம். அன்றிலிருந்து 2026 மே வரை எண்ணினால் 43 மாதம். ஜூலைக் கடைசியில் தொடங்கும் வழக்கமான நான்காண்டுக்கு அதைவிட மூன்று மாதம் கூட இருக்கும். அந்த மூன்று மாதமும் அவர்களுடைய முதலாண்டிலிருந்தே போனது: செமஸ்டர் இடைவெளி, கோடை விடுமுறை, தேர்வுக்கு முந்தைய மூச்சுவிடும் நாட்கள். பள்ளியிலிருந்து கல்லூரிக்கு, பலருக்கு வீட்டிலிருந்து விடுதிக்கு, தாய்மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறும் ஆண்டு அது.

2025 ஆகஸ்டில் இவர்களில் தொடர விரும்பியவர்கள் நான்காம் ஆண்டுக்குள் நுழைந்தார்கள். ஆய்வேடு எழுதலாம், திட்டப்பணி செய்யலாம். மூன்று ஆண்டு வகுப்புகளுக்காகக் கட்டிய கல்லூரிகளில் முதல்முறையாக நான்கு ஆண்டு மாணவர்களும் ஒரே நேரத்தில் இருந்தார்கள். 2013இல் சேர்ந்தவர்களுக்கு இதே நான்காம் ஆண்டு 2016-17இல் வந்திருக்க வேண்டும். பி.டெக். மாணவர்களைத் தவிர யாருக்கும் வரவில்லை. அவர்கள் சேரும்போது கையில் வாங்கிய திட்டத்தில் இருந்த அந்த ஆண்டு, 9 ஆண்டு கழித்து வேறொரு வகுப்புக்குத் திறந்தது.